கை வைக்கலாமா

இந்த அறையில் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அதற்காகப் புது விளக்கு வாங்கிவிடாதீர்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றி, துடைத்து, மறுபடி திருகினாலே போதும். நானே செய்து கொடுப்பேன். ஆனால் இப்போதைக்கு நான் எதையும் தொடுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று புரிகிறது. இருக்கட்டும்.

நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். நேற்று வந்த இளம் அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். அப்படிக் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. நீங்கள் தேநீர் வரவழைத்துவிட்டு, “மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றீர்கள். மரியாதை தெரிந்தவரிடம் மறைத்துப் பேச எனக்கு மனசு வராது ஐயா.

மின்கம்பி போய்ச் சேராத இடங்களில் விளக்கு எரியவைப்பது என் தொழில். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டோரத்தில் ஒற்றை அறை கட்டிக்கொண்டு குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூரைமேல் சோலார் பேனல் போட்டு, கட்டிலுக்கடியில் பேட்டரி வைத்து, சுவரில் இன்வெர்ட்டர் மாட்டி, கடைசி விளக்குவரை ஒயர் இழுத்துக் கொடுப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் “எத்தனை பேனல் போடணும்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அதற்குப் பதில் சொல்லமாட்டேன். காலையில் எப்போது எழுந்திருப்பீர்கள், யார் முதலில் குளிப்பீர்கள், படுத்தபடி படிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்பேன். கணவர், “ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், அவ்ளோதான் மாஸ்டர்” என்பார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லை என்று தலையாட்டுவாள். இஸ்திரிப்பெட்டியும் மிக்ஸியும் அந்தத் தலையாட்டலில்தான் இருக்கும். ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று தெரியாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கமுடியாது. தெரிந்துகொண்டபின், அந்த வீட்டில் எது நின்றால் யார் தவித்துப்போவார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

என் மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகியும் எனக்குப் பாப்பாதான். பட்டறையில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்து, பையைப் பேட்டரிப் பெட்டிமேல் போட்டுவிட்டு, ஒயர் நுனிகளைச் சீவ உட்கார்ந்துவிடுவாள். பிறகு அதுவே அவளுக்கும் தொழிலாயிற்று. உண்மையைச் சொல்லவேண்டும், என்னைவிடச் சுத்தமான கை. அவள் இழுத்த ஒயர் வேனுக்குள் ஓடுவதைப் பார்த்தால் வகிடெடுத்த தலைமாதிரி இருக்கும். ஒரு இணைப்பில் ஒரு பிசிறு பார்க்கமுடியாது.

அவள் அம்மா எங்களோடு அதிக காலம் இருக்கவில்லை. நல்ல தையல்காரி. வீட்டிலேயே மோட்டார் வைத்த மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்தாள். நாலு பேர் தேடிவர ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் கூடத்தில் பெண்கள், பேச்சு, சிரிப்பு. ஆனால் அந்த மெஷின் அடிக்கடி நின்றுபோகும். நான் வேலையிலிருந்து வந்து சரிசெய்து கொடுப்பேன். ஒருநாள் எனக்குச் சொல்லாமல் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் என்ன சொன்னாரோ, அன்று சாயங்காலமே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பாவையும் கூட்டிப்போகத்தான் பார்த்தாள். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடி தளராமல் நான் பார்த்துக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு அவளும் அவளுக்கு நானும் என்றுதான் அத்தனை வருஷமும் ஓடியது என்பதற்காக.

மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தது ஒரு வேலையாகத்தான். அவர் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, மலைச்சரிவில் சிதறிக்கிடக்கும் வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் கவனிப்பது என்று ஒரு பழைய வேனில் அலைந்துகொண்டிருந்தார். மருந்து கெடாமல் இருக்க வேனுக்குள் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் ஓடவேண்டும் என்றார். நான் வேறொரு வேலையில் இருந்ததால் பாப்பாதான் அவரிடம் கேள்வி கேட்டாள்.

“ஃபிரிட்ஜ் மட்டும் போதுமா? வேற எதுவும் வேணாமா?”

“முடிஞ்சா ஒரு லைட்டு. இப்போ டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டுத்தான் ஊசி போடறேன். பாட்டிங்க எல்லாம் ஊசிக்குப் பயப்படல, என் மூஞ்சியப் பாத்துத்தான் பயப்படறாங்க.”

பாப்பா சிரித்தாள். அவளுடைய சிரிப்புகள் எனக்கு அத்துப்படி. வாடிக்கையாளருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்குத்தானே ஒன்று. இது எதிலும் சேரவில்லை. நான் கையிலிருந்த ஒயரைத் தேவைக்கு அதிகமாகவே சீவிவிட்டேன்.

அந்த வேன் வேலைக்கு இரண்டு நாள் போதும். பாப்பா ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். அவர் தினமும் வந்து, ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை ஐயா. குடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. தேடிப்பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து அவர்கள் மலைச்சரிவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, மருந்து வைக்க ஒரு தடுப்பு, அதற்குள் இன்னொரு ஃபிரிட்ஜ். கம்பி அங்கே போகவில்லை. வீட்டுக்கு மின்சாரம் நான்தான் கொடுப்பேன், அது என் சீர் என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அது. மழைக்காலத்திலும் இருட்டாத வீடு. பக்கத்துப் பட்டறை வெல்டர், கேட்டையும் பேனல் சட்டத்தையும் பற்றவைக்க வந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். “மாஸ்டர், இந்த அக்கறையில பாதிய எனக்குக் காட்டியிருந்தா என் பட்டறையும் ஜொலிச்சிருக்கும். பொண்ணு வீட்டுக்கு மட்டும் ஒயருக்குப் பதிலா நரம்ப இழுத்துவிட்டிருக்கீங்க” என்றார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாப்பா போனில் ஒரு வார்த்தை சொல்லும்வரைக்கும். நான் ஏதோ சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கேட்டேன். “எங்க வீட்ல சீக்கிரமே சாப்பிட்டுடுவோம்ப்பா” என்றாள்.

எங்க வீட்ல. யோசித்துப்பாருங்கள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வேறு எதையோ எங்க வீடு என்கிறாள். போனை வைத்துவிட்டு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

முதல் தடவை விளக்கு நின்றதற்கு நான் காரணமில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளவேண்டும். பேட்டரிமுனையில் ஒரு நட்டு இளகியிருந்தது, அது யார் வேலையிலும் நடக்கும். “அப்பா, விளக்கு போயிடுச்சு, வர்றீங்களா?” என்றாள். அப்படி ஓடினேன். அவள் டார்ச் பிடித்தாள், நான் முடுக்கினேன். பழைய நாள் மாதிரியே இருந்தது. மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் வாசல்படியில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு பளிச்சென்று ஆனதும் பாப்பா என் தோளில் தலையைச் சாய்த்து, “அப்பான்னா அப்பாதான்” என்றாள். அன்று நான் அங்கேயே படுத்து, பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கிளம்பும்முன் கன்ட்ரோலரில் ஒரு எண்ணை மாற்றினேன்.

அது ஒரு சின்னப் பெட்டி. பேட்டரியை ஒரேயடியாக வடியவிட்டால் அது செத்துப்போகும். ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் இந்தப் பெட்டி தானே வீட்டை அணைத்துப் பேட்டரியைக் காப்பாற்றும். எந்த அளவில் அணைக்கவேண்டும் என்று நாம் சொல்லிவைக்கவேண்டும். நான் கொஞ்சம் உயர்த்திச் சொல்லிவைத்தேன். பேட்டரியில் பாதிக்குமேல் இருக்கும்போதே வீடு இருட்டாகும். யாருக்கும் ஆபத்தில்லை. பொருளுக்கும் சேதமில்லை. அவர்கள் கூப்பிடுவார்கள், நான் போவேன், பழையபடி மாற்றிவைப்பேன், சாப்பிடுவேன், கிளம்பும்போது வேறெதையாவது இளக்கிவைப்பேன். எல்லாம் அளவோடுதான். மாப்பிள்ளைக்குக்கூட அலுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. “மாமா வந்தாத்தான் நம்ம வீட்டுக்கு வெளிச்சம்” என்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை, உண்மைதானே என்று பட்டது.

பிறகு கூப்பிடுவது நின்றது. ஒரு வாரம் பார்த்தேன், இன்னொரு வாரம் பார்த்தேன். கையில் போனை வைத்துக்கொண்டே சாப்பிட்டேன், வைத்துக்கொண்டே வேலைசெய்தேன். கடைசியில் நானே கூப்பிட்டேன்.

“எல்லாம் எரியுதா பாப்பா?”

“எரியுதுப்பா. நடுவுல ஒருநாள் போச்சு. அவரே சரி பண்ணிட்டார்.”

“அவரேவா?”

“அவரேதான்! கொஞ்ச நாளா அந்தப் பொட்டிக்கூட வந்த புக்க வச்சிக்கிட்டுப் படிச்சிட்டே இருந்தார். வீடியோ எல்லாம் பாத்தார். நான்கூட சிரிச்சேன். கடைசில பாருங்க, கரெக்டா கண்டுபுடிச்சிட்டார்ப்பா.”

அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். பட்டறைக்கு வருகிறவர்களிடம், “எங்கப்பா கை வச்சா பழுதுங்கற பேச்சே கிடையாது” என்று சொல்வாளே, அந்தக் குரல். அதை இன்னொருவருக்கும் எடுத்துக் கொடுப்பாள் என்று நான் நினைத்ததில்லை. வயிறு எரிந்தது என்று சொல்வார்கள். எனக்கு எரியவில்லை. கொஞ்சம் குளிர்ந்தாற்போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே போனேன். மாப்பிள்ளை கூரையில் ஏறிப் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தூசி படிந்தால் பாதி வெயில் வீணாகும், மாதம் ஒருமுறை கழுவவேண்டும். நானும் ஏணியில் ஏறி ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டேன். கீழே சமையலறையில் பாப்பா ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அவர் வேலையை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மாமா, அந்தப் பொட்டியில நம்பர் மாறி மாறிப் போவுது.”

“மெஷின்தானே மாப்பிள்ளை. இடி மின்னல்ல தானா மாறும்.”

“தானா மாறாதுன்னு போட்டிருக்கு மாமா. நானும் ரெண்டு மூணு தடவ கவனிச்சிட்டேன். நீங்க வந்துட்டுப் போன மறுநாள்தான் மாறியிருக்கு.”

நான் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாளியை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

“அவகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன், நீங்க பயப்படாதீங்க. தனியா இருக்கீங்க, கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க மாமா. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. அந்தப் பக்கமா ஒரு ரூம் எடுத்துடலாம்னு நானே நினைச்சிட்டிருக்கேன். அதுக்காக வீட்ட இருட்டாக்க வேணாம். அவ்ளோதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நோயாளியின் துணியை மாற்றிவிட்டு, கூச்சப்படாதீங்க என்று சிரிப்பார்களே, அப்படி.

ஐயா, நான் பலமுறை யோசித்துப்பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். சட்டையைப் பிடித்திருக்கலாம். பாப்பாவைக் கூப்பிட்டு என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவள் அழுதிருப்பாள், நான் அழுதிருப்பேன், எப்படியோ ஒருவழியாக முடிந்திருக்கும். அவர் என்னை மன்னித்துவிட்டார். என் மகளுடைய வீட்டில் எனக்கு ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார். கீழே இறங்கியதும் பாப்பா, “ரெண்டு பேரும் மேல என்ன அப்படிப் பேசிட்டிருந்தீங்க?” என்றாள். “மாமாகிட்ட பாடம் கேட்டேன்” என்றார் அவர். எனக்காகப் பொய் சொல்கிற அளவுக்கு அவர் பெரிய மனுஷராகிவிட்டார். அவர் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் சிக்கல் எதுவும் இல்லை. மாப்பிள்ளை எதிலும் கவனமானவர். ஊசி போடும்முன் மருந்தின் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். மின்சாரத்திலும் அப்படித்தான். மெயினை அணைப்பார், டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், அதில் விளக்கு எரியவில்லை என்றால்தான் கை வைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவர் சுபாவம். ஒரு கவனமான மனிதருக்கு என்ன நேரமுடியும் என்று யோசித்தால், அவர் எதை நம்பிக் கவனமாக இருக்கிறாரோ அதைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

பட்டறைக்கு ஒரு பெரிய வேன் வேலை வந்திருந்தது. ஒரு வயதான தம்பதி, வீட்டையே விற்றுவிட்டு வேனில் குடியேறப்போகிறவர்கள். கட்டிலுக்கடியில் ஒயர் இழுக்க என் முதுகு வளையாது, பாப்பாவை அனுப்புங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். “இதுக்கெல்லாம் என்கிட்ட கேக்கணுமா மாமா?” என்றார். முந்தின நாள் போய் அங்கேயே தங்கினேன். காலையில் பாப்பா மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள், அவர் வெளியே வேனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரமே போதுமானதாக இருந்தது. மெயினை அணைத்தபிறகும் ஒரே ஓர் ஒயரில் மட்டும் மின்சாரம் இருக்கும்படி செய்தேன். எப்படி என்று உங்கள் நிபுணர் எழுதியிருப்பார், அவர் எழுதியது சரிதான். டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கை எடுத்துவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுபோன செத்துப்போன விளக்கைப் போட்டேன். கடைசியாக மருந்து ஃபிரிட்ஜுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டேன். மருந்து எடுக்கத் திறக்கும்போது அது நின்றிருப்பதைப் பார்ப்பார். மருந்து கெட்டுப்போக விடமாட்டார். என்னைக் கூப்பிட்டுக் காத்திருக்கமாட்டார். இப்போதுதான் அவருக்கே சரிசெய்யத் தெரியுமே.

பாப்பா அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதில் மட்டும் மிகவும் கவனமாக இருந்தேன். அவளை என்னோடு அழைத்துவந்ததே அதற்காகத்தான். என்னைக் கொடியவன் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வண்டியில் வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பட்டறையில் இறங்கியதும் தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். நான் இந்தப் பக்கமிருந்து ஒயரை ஊட்டுவேன், அவள் அந்தப் பக்கமிருந்து இழுப்பாள். “விடுங்கப்பா”, “நிறுத்துங்கப்பா” என்று அவள் குரல் மட்டும் வரும். அந்த வயதான அம்மாள் வேடிக்கை பார்த்துவிட்டு, “அப்பாவும் பொண்ணும் ஒத்த ஆளாட்டம் வேலை பாக்கறீங்களே” என்றாள். அந்த முற்பகலை நான் மறக்கமாட்டேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

முன்சீட்டில் பாப்பாவின் போன் அடித்தது. “என் கையெல்லாம் பிசின்ப்பா, நீங்க எடுங்க” என்றாள். எடுத்தேன். மாப்பிள்ளை.

“மாமாவா? ஃபிரிட்ஜ் நின்னுபோயிருக்கு மாமா. உள்ள மருந்து எல்லாம் இருக்கு. போர்டத் திறந்திருக்கேன். ஒரு ஒயர் கழண்டு தொங்குது.”

“சரி.”

“மெயின அணைச்சிட்டேன். டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன், எரியல.” கொஞ்சம் நிறுத்தினார். “கை வைக்கலாமா?”

இந்த ஒரு இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் நான் செய்தவை ஒயர், விளக்கு, இணைப்பு. அவர் தொடாமல் விட்டிருந்தால் அவை சும்மாதான் கிடந்திருக்கும். அவர் கேட்டார். இத்தனை தெரிந்துகொண்ட பிறகும் என்னிடம்தான் கேட்டார், என் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்தப் பக்கம் அவருடைய வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது.

“வைக்கலாம் மாப்பிள்ளை” என்றேன்.

“சரி மாமா. அவகிட்ட சொல்லிடுங்க, சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.” போனை வைத்துவிட்டார்.

பாப்பா கட்டிலுக்கடியிலிருந்து, “அவரா? என்னவாம்?” என்று கேட்டாள்.

“ஃபிரிட்ஜ் நின்னுருச்சாம். அவரே பாத்துக்கறாராம்.”

“ஜாக்கிரதையா பாக்கச் சொன்னீங்களா?”

“சொன்னேன் பாப்பா.”

“அப்பச் சரி. ஒயர விடுங்க.”

விட்டேன். இழுத்தாள். வேலை சுத்தமாக முடிந்தது.

ஊசி போட வரவேண்டியவர் வரவில்லையே என்று ஒரு நோயாளியின் மகன் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். அவர்தான் போன் செய்தார். பாப்பாவை நான்தான் பிடித்துக்கொண்டேன். காரியங்கள் எல்லாவற்றையும் நானே முன்னால் நின்று செய்தேன். வந்தவர்கள், பெற்ற மகனுக்குக்கூட இப்படிச் செய்யமாட்டார்கள் என்றார்கள். பாப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்து, அவளுடைய பழைய அறையில் படுக்க வைத்தேன். அவள் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தேன். வேளாவேளைக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒருநாள், “டெஸ்டர் வச்சுப் பாக்காம அவர் எதையும் தொடமாட்டாரேப்பா” என்றாள்.

“அவசரத்துல மறந்திருப்பார் பாப்பா. மருந்து கெட்டுடுமேன்னு பதறியிருப்பார்.”

“அவர் பதறவே மாட்டார்” என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

துணிமணி எடுத்துவரவேண்டும் என்று வெல்டரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் துணி எதுவும் இல்லை. அங்கே அவள் டெஸ்டரை வேறொரு ப்ளக்கில் வைத்துப் பார்த்ததும், எரியாததைக் கண்டு அதைப் பிரித்ததும், பிறகு போர்டைத் திறந்து ஒவ்வொரு ஒயராகத் தொடர்ந்து போனதும் எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். என் கைமுறுக்கு அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒயரின் நுனியை நான் இடது பக்கமாகத்தான் முறுக்குவேன். சின்ன வயசில் அதைப் பார்த்துத்தான் அவளும் முறுக்கப் பழகினாள்.

வந்தவள் சமைத்தாள். எனக்குப் பரிமாறினாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாள் கழித்து அவள் கையால் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“அன்னிக்கி போன்ல அவர் என்ன கேட்டார்ப்பா?”

“ஃபிரிட்ஜ் நின்னுபோச்சுன்னார்.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல பாப்பா.”

தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மறுநாள் காலை நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அந்த வார்த்தை வேண்டாம் ஐயா. பொறாமை என்பது அடுத்தவர் பொருளைப் பார்த்து வருவது. இது என்னுடையது. கவலை என்று போடுங்கள். தகப்பனுக்கு இருக்கிற கவலை. அவரை நான் வெறுத்ததில்லை. அவர் இடத்தில் யார் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், அவர்மேல் தனியாக எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, நேரம் பார்த்துச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

பாப்பா உங்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருக்கிறாள். அந்த மலைவீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று நீங்கள் சொன்னபோதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. போர்டு, இன்வெர்ட்டர், பேட்டரி, பேனல் என்று எல்லாவற்றையும் சாட்சிக்காக நீங்கள் கழற்றிக்கொண்டு வந்துவிட்டதால், அவருடைய வேனிலிருந்து பேனலையும் பேட்டரியையும் எடுத்துத் தானே விளக்குப் போட்டுக்கொண்டாளாமே. யார் உதவியும் கேட்கவில்லையாமே. அங்கே இப்போது நன்றாக எரிகிறது என்றுகூட உங்கள் ஆள் சொன்னார். ஒரு நாள் இரண்டு நாள் எரியும். அவள் கை எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்தே இணைப்பை இறுக்கமாட்டாள், எல்லாவற்றிலும் பிசிறு வைப்பாள், நான்தான் பின்னாலேயே போய்ச் சரிசெய்துகொண்டிருப்பேன். என் போனை வாங்கி எங்கேயோ வைத்திருக்கிறீர்கள். அதை மட்டும் அணைத்துவைத்துவிடாதீர்கள் ஐயா. எப்படியும் இன்று இருட்டினதும் கூப்பிடுவாள்.